சத்தம் வராத பந்து

மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த ஆறுச்சாமியிடம் மில்லில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். பந்து எப்படி வருது? அவன் யாருக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ரயிலில் உட்கார்ந்தபடியே வந்த அலுப்பு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். விஷயம் வேறு. காலையிலிருந்து மாலைவரை மெட்ராஸ் ஸ்டேடியத்து வெயிலில் உட்கார்ந்திருந்தும் அவன் பந்தைப் பார்க்கவே இல்லை.

நெட்டையான ஓர் ஆள் எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடி வருவான். கழுத்துச் சங்கிலி துள்ளும். கை ஒரு முறை சுழலும். அதற்கப்புறம் அங்கே ஒன்றுமே இருக்காது. எங்கோ தொலைவில் நிற்கும் கீப்பர் வானத்தைப் பார்த்துக் குதித்து எதையோ பிடிப்பார். இல்லையென்றால் ஒரு ஸ்டம்ப் கரணம் போட்டுக்கொண்டு போகும். சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதித்து அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து சேரும். பக்கத்தில் இருந்தவர்கள் "போச்சு" என்பார்கள். அப்போதுதான் ஒருத்தர் அவுட் என்று அவனுக்குப் புரியும்.

ஐம்பத்தொன்பது ஜனவரி அது. மேற்கிந்தியத் தீவுகளின் அணி வந்து ஊர் ஊராக இந்தியாவை அடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. கான்பூரில் தோற்றபோது ஆட்டம் என்றால் அப்படியும் இப்படியும்தான் என்று பேசிக்கொண்டார்கள். கல்கத்தாவில் ஒரு இன்னிங்ஸும், அதற்கு மேல் முந்நூற்று முப்பத்தாறு ரன்னும் வித்தியாசம் என்று ரேடியோ சொன்னபோது சிங்காநல்லூரை ஒட்டியிருந்த அந்த மில்லின் கேன்டீனில் இருபது பேர் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார்கள். செய்தி வாசித்தவர் தப்பாக வாசித்துவிட்டார் என்றே முதலில் நினைத்தார்கள். மறுநாள் பேப்பரிலும் அதே எண்தான் இருந்தது.

மில் அணியின் விக்கெட் கீப்பர் அமீர் ஹம்சா மட்டும் வாயைத் திறந்தான். "ஒரு இன்னிங்ஸு தோத்து, அதுக்கு மேல முந்நூறும் தோத்தா, அது ரெண்டு தடவை தோத்தாப்பலதானுங்க." எப்போதும் அவன் பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மெட்ராஸ் மேட்ச் வருவதற்குள் இந்திய அணிக்கு மூன்றாவது கேப்டன் வந்துவிட்டார். மில் அணியின் கேப்டன் ரங்கராஜ் அந்த மேட்சுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். முதலாளியின் தம்பி மகன், காலேஜ் படித்தவர். கடைசி நேரத்தில் உறவில் ஒரு கல்யாணம் வந்து அவரால் போக முடியாமல் போக, டிக்கெட்டை ஆறுச்சாமியின் கையில் கொடுத்தார்.

"நீ போயிட்டு வா. அந்த வேகத்துல எப்படி நிக்கறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு. சூலூர்க்காரனுக்கு நாம பதில் சொல்லோணுமில்ல."

சூலூர் விமானத்தளத்து அணியில் ஒரு சர்தார்ஜி இருந்தார். சுற்று வட்டாரத்தில் அவ்வளவு வேகமாகப் பந்து போடுகிற ஆள் வேறு யாரும் கிடையாது. போன வருஷம் மில் மைதானத்தில், தேங்காய்நார்ப் பாய் விரித்த ஆடுகளத்தில், அவருடைய பந்து ஒன்று ஆறுச்சாமியின் காதோரமாக எழும்பிப் போனது. அடுத்த பந்துக்கு அவனுடைய கால்கள் அவனைக் கேட்காமலே ஒதுங்கின. மூன்று ஸ்டம்பும் வெட்டவெளியில் நின்றன. நடு ஸ்டம்ப் போயிற்று. அன்றிலிருந்து அமீர் ஹம்சா அவனை ஒதுங்குச்சாமி என்றுதான் கூப்பிட்டான்.

சிரித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் ஆறுச்சாமி பதிலி ஆள். தினமும் காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் அவருடைய லூம் அன்றைக்கு இவனுக்கு. எல்லோரும் வந்துவிட்டால் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்த வழியே திரும்ப வேண்டும். மட்டை பிடிக்கிறவன் என்பதற்காக மேஸ்திரி அவன் பெயரை வரிசையில் கொஞ்சம் முன்னால் கூப்பிடுவார். நான்கு வருஷமாக இப்படித்தான். அவன் மனைவி முத்தாத்தாளோ நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் நிரந்தரம். காலையில் அவன் கேட்டில் நிற்கும்போது அவள் அவனைத் தாண்டி உள்ளே போவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் பார்க்காமல் போவதுதான் அவனுக்குப் பெரிய ஆறுதல்.

டிக்கெட்டைக் கொடுத்த அன்று ரங்கராஜ் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"பிப்ரவரி கடைசி ஞாயித்துக்கெழமை சூலூர் மேட்ச். நீயும் நானும்தான் மொதல்ல எறங்கறோம். நீ ரன் அடிக்க வேண்டா. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நின்னாப் போதும். நின்னுட்டீன்னா உன்ற பேரு நிரந்தரத்துல ஏறும். பெரியப்பாகிட்டப் பேசிப்போட்டேன்."

"நிக்கலீன்னா?"

"நிக்கலீன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான், ஆறுச்சாமி. மேஸ்திரி கிட்டயும் நான் எத்தன நாளைக்குச் சொல்லீட்டே இருக்கறது?"

இப்போது அவன் மெட்ராஸில் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். மில் ஒர்க் ஷாப்பில், ஃபிட்டர் சென்னகிருஷ்ணனின் பட்டறை மேசையைச் சுற்றி ரங்கராஜும் அமீர் ஹம்சாவும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னகிருஷ்ணன் அணியில் ஆடுகிறவன் இல்லை. மட்டை உடைந்தால் ஆணி வைத்து நூல் சுற்றித் தருவான். எந்த மெஷினையும் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் அதைப் பற்றிக் கெட்டதாகவே பேசுவான்.

"சொல்லுங் கவுண்டரே. என்ன வேகமுங்க?" என்றான்.

பந்தையே பார்க்கவில்லை என்று சொல்ல ஆறுச்சாமிக்கு வாய் வரவில்லை. தனக்குத் தெரிந்ததிலேயே வேகமான ஒன்றைச் சொன்னான்.

"நாடா மாதிரி வருதுங்க."

தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நூலை இழுத்துக்கொண்டு பாயும் நாடாவை அந்த மில்லில் தெரியாதவர்கள் கிடையாது. நிமிஷத்துக்கு நூற்றுக்கு மேல் தடவை அது பாயும். ஒரு கோல் வந்து பொடேரென்று அடித்துத் தள்ளும். தறி ஓட்டுகிறவன் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. சத்தம் தப்பினால்தான் திரும்பிப் பார்ப்பான்.

சென்னகிருஷ்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "நாடா மாதிரீன்னா அது நம்ம சமாச்சாரமாச்சே. இதுக்கா நாட்டுல இத்தன அழுகை? சின்ன மொதலாளி, அந்த ஒடஞ்ச ஏழாம் நெம்பர் லூம எனக்குக் குடுங்க. பத்து நாள்ல உங்களுக்கு ஒரு மேற்கிந்தியத் தீவு பண்ணித் தாரேன்."

எட்டே நாளில் செய்தான். பழைய தறியின் ஒரு பக்கச் சட்டத்தை அறுத்தெடுத்து, அடிக்கும் கோலை நீளமாக்கி, நாடா உட்காரும் இடத்தில் தோல் கிண்ணம் ஒன்றை வைத்தான். பந்து பாயில் குத்தி எழும்ப வேண்டும் என்பதற்காகச் சட்டத்தைச் சரித்து நிறுத்தினான். மோட்டாரில் பெரிய கப்பி மாட்டினான். ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து, ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் அதை நிறுத்தியபோது தறியும் நீர் இறைக்கும் பம்பும் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றதுபோல இருந்தது. கைப்பிடியை இழுத்தால் உள்ளே டொக் என்று ஒரு சத்தம் வரும். கண்ணிமைக்கும் நேரம் கழித்துப் பந்து வரும்.

முதல் பந்தை ரங்கராஜ் எதிர்கொண்டார். டொக். பின்னால் தொங்கவிட்டிருந்த சாக்குப்படுதா கிழிந்தது. அவர் மட்டையை இன்னும் தூக்கியிருக்கவில்லை. ரங்கராஜ் திரும்பிப் படுதாவில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். அதன் வழியாகச் சுவர் தெரிந்தது.

"மனுசன் போடறதுதானுங்களா இது?" என்றார் மெதுவாக.

"மனுசன் இல்லீங். ஏழாம் நெம்பர்" என்றான் சென்னகிருஷ்ணன்.

முதல் மூன்று நாள் ஒருவருக்கும் மட்டையில் படவில்லை. நான்காம் நாள் அமீர் ஹம்சாவின் மட்டையில் ஒன்று பட்டு, அவன் ஏதோ பிரசவம் பார்த்தவன்போலக் கத்தினான். அதற்கப்புறம் எப்படி வந்தது என்றே தெரியவில்லை, எல்லோருக்கும் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் பதினொரு பேரும் அந்தப் பந்தைத் தடுத்தார்கள். இரண்டாவது வாரம் அடிக்கத் தொடங்கினார்கள். ஆறுச்சாமியின் கால்கள் ஒதுங்குவதை நிறுத்தின. டொக் என்றதும் உடம்பு தானாக முன்னே போகும், மட்டை தானாக இறங்கும், பந்து வந்து அதில் பட்டுக்கொள்ளும். தறி முன்னால் நிற்கும்போது கை எப்படிப் போகுமோ அப்படி. ஒரு நாள் அமீர் ஹம்சா பந்தயம் கட்டிக்கொண்டு கண்ணைத் துண்டால் கட்டியபடி ஒரு பந்தை அடித்தான். அது ஒர்க் ஷாப் கூரையில் போய் விழுந்தது. டெல்லியில் நாலாவது கேப்டன் வந்து கடைசி டெஸ்ட் டிராவில் முடிந்தது என்று ரேடியோ சொன்ன நாள் அது.

"டெல்லிக்காரங்களுக்கு ஒரு கடுதாசி போடோணுமுங்க. இங்க வந்து நாலு நாள் ஆடீட்டுப் போகட்டும்" என்றான் சென்னகிருஷ்ணன்.

முத்தாத்தாள் ஒரு சாயங்காலம் அந்த மெஷினைப் பார்க்க வந்தாள். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்த சர்தார்ஜியும் இப்படித்தான் ஒரே எடத்துல நின்னுட்டுப் போடுவாராக்கும்?" என்று கேட்டாள்.

"ஓடி வந்து போடுவாரு, அம்மணி."

"அப்ப இத ஓட வெக்க வேண்டாங்களா?"

சென்னகிருஷ்ணன் பலமாகச் சிரித்தான். ஆறுச்சாமியும் சிரித்தான்.

மேட்ச் நாள் காலை சூலூர் லாரி ஒன்பது மணிக்கு வந்தது. ரங்கராஜ் டாஸ் ஜெயித்து, யோசிக்காமல், நாங்களே முதலில் ஆடுகிறோம் என்றார். மரத்தடியில் சமையல்காரர்கள் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மாலைவரை ஆட்டம். மில் வேலையாட்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு ரங்கராஜ் ஒரு முனையிலும் ஆறுச்சாமி இன்னொரு முனையிலும் போய் நின்றார்கள். பந்தை எதிர்கொள்வது ரங்கராஜ். ஆறுச்சாமி பந்து போடுகிறவர் பக்கத்தில்.

சர்தார்ஜி அவனைத் தாண்டி ஓடினார். மூச்சு கேட்டது, பூட்ஸ் மண்ணில் விழுவது கேட்டது. கை சுழன்றது. ரங்கராஜ் மட்டையைத் தரையில் ஊன்றியபடியே நின்றார். அவருடைய நடு ஸ்டம்ப் பின்னால் பறந்தது. அவர் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பந்து வந்ததே தெரியாதவர்போல நிமிர்ந்து சர்தார்ஜியைப் பார்த்தார். பிறகு திரும்பி ஸ்டம்பைப் பார்த்தார்.

அடுத்து வந்தவன் அதேபோல நின்றான். அதேபோல ஸ்டம்ப் போயிற்று.

மூன்றாவது ஆள் சுப்பையன், நூற்புப் பகுதிக்காரன். அவனுக்கு வந்த முதல் பந்து கால்பேடில் பட்டு ஓரமாக உருண்டது. "வாங்க" என்று கத்திக்கொண்டு சுப்பையன் ஓடி வந்தான். ஒரு ரன் தாராளமாக எடுக்கலாம். எடுத்தால் அடுத்த பந்து ஆறுச்சாமிக்கு.

"வேண்டா" என்று ஆறுச்சாமி கத்தினான்.

பாதி தூரம் வந்த சுப்பையன் அவனை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான். அடுத்த பந்தில் அவனும் நின்றபடியே போனான். அந்த ஓவரின் கடைசிப் பந்தில் இன்னொருவன். ஆறு பந்தில் நான்கு பேர். பார்க்க வந்தவர்கள் பக்கம் ஒரு குழந்தை அழுவது மட்டும் கேட்டது.

அடுத்த ஓவர் எதிர் முனையிலிருந்து. மெதுவாகப் போடுகிற ஆள், கடலை பொறுக்குவதுபோல நடந்து வந்து போட்டான். ஆறுச்சாமி ஒரு நான்கும் ஒரு இரண்டும் எடுத்தான். ஒற்றை ரன் எடுக்கவில்லை. மறுபடி சர்தார்ஜி. மறுபடி ஆறுச்சாமி அவர் பக்கத்தில், பத்திரமான முனையில்.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள், எல்லோருமே சர்தார்ஜியின் கை சுழலும்போது எதையும் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். டொக்குக்குக் காத்திருந்தார்கள். பதினாறு நாள் அவர்கள் ஆடியது பந்தை இல்லை, அந்தச் சத்தத்தை. மனிதன் போடும் பந்துக்கு முன்னால் எந்தச் சத்தமும் வருவதில்லை. ஸ்டம்ப் விழுகிற சத்தம்தான் வருகிறது. அதைக் கேட்ட பிறகு அவர்களுடைய மட்டை இறங்கியது. ஒருவன் அவுட் ஆகி நடக்கத் தொடங்கியவன், திடீரென்று நினைவு வந்ததுபோல நின்று, காற்றில் மட்டையை வீசினான். நாடா மாதிரி என்று சொன்னது ஆறுச்சாமிதான்.

ஏழு பேர் போய்விட்டார்கள். மெதுவாகப் போடுகிறவனிடம் ஆறுச்சாமி இன்னொரு இரண்டு எடுத்தான். அடுத்த ஓவரில் மேலும் இரண்டு பேர் போக, கடைசி ஆளாக அமீர் ஹம்சா வந்தான். ஆறுச்சாமி அவனிடம் போய்க் குனிந்து சொன்னான்.

"சத்தத்துக்கு நிக்காத. சத்தம் வராது. கையப் பாரு."

"எந்தக் கைய?"

"அவரு கைய, சாமி."

அமீர் ஹம்சா பார்த்தான். முதல் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கீப்பருக்கு மேலே போய் நான்கு ஆயிற்று. அடுத்த பந்தில் ஸ்டம்ப் இரண்டாக உடைந்தது. மட்டையில் படாமல் கிடைத்த நாலு பை ரன்னையும் சேர்த்து மொத்தம் பதினாறு. ஐந்து ஓவர். மணி பத்துகூட ஆகவில்லை.

பத்தே காலுக்கு சூலூர்க்காரர்கள் ஜெயிக்கத் தேவையான பதினேழு ரன்னையும் எடுத்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. சாம்பாருக்குப் பருப்புகூட வேகவில்லை. சமையல்காரர் கரண்டியோடு வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். சென்னகிருஷ்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து, மோட்டார் கப்பியின் அளவைக் குச்சியால் மண்ணில் திரும்பத் திரும்ப எழுதி அழித்துக்கொண்டிருந்தான். ஓர் அளவும் தப்பாக இல்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

"நீயாச்சும் அவுட் ஆகலே" என்று யாரோ ஆறுச்சாமியின் முதுகில் தட்டினார்கள். முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்த ரங்கராஜ் அதைக் கேட்டுத் துண்டை எடுத்தார்.

"அவுட் ஆகலே. நிக்கவும் இல்லே. சர்தார்ஜி போட்டதுல ஒண்ணாச்சும் உனக்கு வந்துச்சா?"

"இல்லீங்க."

"வேண்டான்னு நீ கத்துனது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு, ஆறுச்சாமி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சற்றுத் தள்ளிப் பெண்கள் நடுவில் முத்தாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டிருப்பாள். மில் கேட்டில் செய்வதுபோலவே இப்போதும் அவனைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாள்.

ஆறுச்சாமி எழுந்தான். அவிழ்த்துப் போட்ட கால்பேடைத் திரும்பக் கட்டினான். மட்டையை எடுத்துக்கொண்டு காலி மைதானத்துக்குள் நடந்தான். உடையாத ஸ்டம்புகளைச் சரியாக ஊன்றி, அவற்றுக்கு முன்னால் போய் நின்றான்.

முதலில் சிரித்தார்கள். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். அமீர் ஹம்சா ஓடினான்.

"ஏனுங் கவுண்டரே, ஆட்டம் முடிஞ்சு போச்சுங்க. வாங்க."

"சாப்பாட்டு நேரம் ஆயிருச்சா?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்குது."

"அப்ப நிக்கறேன். சாப்பாடு வரைக்கும் நிக்கச் சொன்னாங்க."

"யாரு போடறாங்கன்னு நிக்கறீங்க? காக்காயா?"

ஆறுச்சாமி மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டான். கால் மணி நேரம் அப்படியே நின்றான். சிரிப்பு ஓய்ந்து, பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாகிப் போயிற்று. சூலூர்க்காரர்களுக்கும் சாப்பிடாமல் லாரி ஏற வழியில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு மரத்தடியில் படுத்திருந்த சர்தார்ஜி எழுந்து உட்கார்ந்து, அந்த ஆள் ஏன் நிற்கிறான் என்று கேட்டார். பம்பாயில் இரண்டு வருஷம் இருந்த அமீர் ஹம்சா தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னான். பதிலி, கேட்டு, நாலு வருஷம், வேண்டா என்று கத்தியது, ஒன்றையும் விடவில்லை. சர்தார்ஜி முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. பூட்ஸை மறுபடி மாட்டினார்.

"சும்மா மெதுவாப் போடுவாரா?" என்று ரங்கராஜ் கேட்டார்.

அமீர் ஹம்சா அதையும் கேட்டுவிட்டு வந்து சொன்னான். "மெதுவாப் போட்டா அந்த மனுசன அவமானம் பண்ணுனாப்பல ஆயிருமாமுங்க."

சர்தார்ஜி தன் முழுத் தூரத்தையும் அளந்து நடந்து போய்த் திரும்பினார். ஆறுச்சாமியின் கால்கள் இரண்டும் ஒதுங்கத் தயாராக இருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவற்றைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். ஓடி வரும் கை, மேலே போகும் கை, அதன் விரல்களுக்கு நடுவில் சிவப்பாக ஒன்று.

பார்த்துவிட்டான். பார்த்ததே அதிர்ச்சியாக இருந்தது. மெட்ராஸில் ஒரு பகல் முழுக்கத் தேடியும் கிடைக்காதது, இங்கே முகத்துக்கு நேராக, தையல் தெரியச் சுழன்றுகொண்டு வந்தது. அதிசயித்து நின்றதில் மட்டையை நீட்ட மறந்தான். பந்து விலாவில் வந்து இறங்கியது.

அவன் உட்கார்ந்தான். கூட்டத்தில் யாரோ எழுந்தார்கள். அவன் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான். மூச்சு வரவில்லை. வந்தபோது குத்திக்கொண்டு வந்தது. எழுந்து, பழைய இடத்தில் காலை வைத்தான்.

அதற்கப்புறம் பந்துகளை யாரும் எண்ணவில்லை. சிலது அவனைத் தாண்டிப் போயின. சிலதை மட்டை தடுத்தது. தோளில் ஒன்று பட்டது. அதே விலாவில் மறுபடி ஒன்று. இரண்டு தடவை ஸ்டம்ப் விழுந்தது. இரண்டு தடவையும் அவனே குனிந்து எடுத்து ஊன்றினான், குனிவது பந்தைவிடக் கடினமாக இருந்தது. சர்தார்ஜி களைத்துப்போய் நடுநடுவே புல்லில் உட்காருவார், தண்ணீர் குடிப்பார், திரும்ப எழுவார். யாரும் கூப்பிடாமலே அமீர் ஹம்சா கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய்க் குந்தினான். அம்பயராக இருந்த டிரில் மாஸ்டர் கண்ணையா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றார். சுப்பையன் பந்து பொறுக்க வந்தான். ஆடி முடிந்த ஓர் ஆட்டம், பெயர் இல்லாத இன்னோர் ஆட்டமாக நடந்துகொண்டிருந்தது. கை தட்டல் இல்லை. முத்தாத்தாள் இப்போது அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணையா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸை எடுத்துப் பையில் போட்டார். "சாப்பாடு" என்றார்.

சர்தார்ஜி வந்து அவன் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அமீர் ஹம்சா அதை மொழிபெயர்க்கவில்லை. ரங்கராஜ் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஆறுச்சாமியின் சட்டை விலாப்பக்கம் வியர்வையில் ஒட்டியிருந்தது. அதன் கீழே வீங்கியிருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. ரங்கராஜ் சற்று நேரம் அதையே பார்த்தார்.

"நாளைக்கு நீ கேட்டுக்கு வராத" என்றார்.

ஆறுச்சாமிக்கு முகம் வெளுத்தது. "இல்லீங்க, சின்ன மொதலாளி, நான் நின்னேனுங்க. நீங்க எந்தப் பந்துக்குன்னு சொல்லலீங்களே. சாப்பாடு வரைக்கும்னுதான்..."

"கேட்டுல எதுக்கு நிக்கறே? நேரா ஷெட்டுக்குள்ள போ. பதினெட்டாம் நெம்பர் லூம் உன்னுது."

அவன் அதைக் கேட்டானா என்பதே தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான். ரங்கராஜ் இன்னொரு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விலா எலும்பில் கீறல் என்றார்கள். மூன்று வாரம் தறிப்பக்கம் போகக் கூடாது. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எதிரில் முத்தாத்தாள் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னது அம்மணி?"

"லீவு லெட்டருங்க. நெரந்தர ஆளு சும்மா ஊட்டுல உக்காந்துக்க முடியாது. எழுதிக் குடுக்கோணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு வருசமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. நெரந்தரமான மொத நாளே லீவு. மேஸ்திரி என்ன சொல்லுவாரோ."

அவனும் சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஐயா அவர்களுக்கு. பதினெட்டாம் எண் தறியில் வேலை செய்யும். அந்த இடத்தில் பேனா நின்றது. எழுதியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தான்.

"காய்ச்சல்னு போடுங்க. ரீலிங்குல அல்லாரும் அதத்தான் போடுவோம். ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

ஆறுச்சாமி யோசித்தான். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து, வலிக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி, வேகப்பந்து பட்டதால் என்று எழுதினான்.